பேசாத மாணவிக்குத் தனியாப் பாடம் நடத்தணுமா? வார்டுல சொல்லிக்கொடுக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க

மிஸ்ஸி யீஷூன்:

வணக்கம். சிங்கப்பூர்ல 11 வருஷமா தாதி வேலை, நோயாளிங்க கூப்பிடுற மாதிரி சொன்னா "மிஸ்ஸி". கடைசி 4 வருஷமா போஸ்டிங் (வார்டு பயிற்சி) வர்ற மாணவர்களையும் நான்தான் பார்த்துக்கிறேன். எந்த மருத்துவமனைன்னு கேட்காதீங்க.

போன மாசம் எங்களுக்கு அரைநாள் வகுப்பு. ஒரு தாளைக் குடுத்து, கேள்விக்கெல்லாம் டிக் போட்டா நம்ம குணம் எந்த நிறம்னு வந்துடுமாம். எனக்குச் சிவப்பு. பக்கத்துல உக்காந்திருந்த மலாய்க்கார அக்கா, "உனக்கு இதுக்குத் தாளே வேண்டாம் லா"ன்னு சிரிச்சாங்க. பேசுனா நாலு கட்டிலுக்குக் கேக்கும் எனக்கு. சரி, அதுவரைக்கும் தமாஷ்தான். கடைசியில வகுப்பு எடுத்தவர், மாணவரோட நிறத்தையும் கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி பாடம் நடத்துங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இப்ப என்கிட்ட ரெண்டு பேர். ஒரு பொண்ணு, ஒரு பையன். பொண்ணு வாயே திறக்க மாட்டா. பையன் திறந்தா மூட மாட்டான். சீனத் தாத்தாக்கள்கிட்ட அவங்க ஹொக்கியன் மொழியில பேசி வார்டையே சிரிக்க வைப்பான், எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும்.

போன செவ்வாய், பகல் சாப்பாட்டுக்கு முன்னாடி 6ஆம் கட்டில் அங்கிளுக்குச் சர்க்கரை குத்திப் பார்த்தா 3.4 (mmol/L), ரொம்பக் குறைவு. இன்சுலின் போடுற நேரம் வேற. அங்கிள், அவர் மகள், சாப்பாட்டு வண்டி தள்ளுற ஆன்ட்டி எல்லாரும் நிக்கிறாங்க. நான் அந்தப் பொண்ணைப் பார்த்து, "இப்ப என்ன செய்வே?"ன்னு கேட்டேன். பதிலே இல்ல. பையன் குறுக்க வந்து, "ஹைப்போ! இன்சுலினை நிறுத்தணும், ஜூஸ் குடுக்கணும், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பார்க்கணும்"னு ஒப்பிச்சுட்டான். "குட்"னு சொல்லிட்டுத் திரும்பினா, அவ இன்சுலின் தட்டை எப்பவோ தள்ளி வச்சிட்டு ஜூஸ் பாக்கெட்டுல ஸ்ட்ரா குத்திக்கிட்டு இருக்கா.

வெள்ளிக்கிழமை இடைக்கால மதிப்பீடு. தாள்ல "தொடர்புத் திறன்"னு ஒரு கட்டம் இருக்கு. அவளுக்கு நான் என்ன போடுறது? நிஜமாவே ஆளுக்கு ஒரு முறைன்னு பாடம் நடத்தணுமா?

பழைய விரிவுரையாளர்:

தாதிமை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்த நிறத்தாளை மடித்து டிராயரில் போட்டுவிடுங்கள். மாணவரின் வகையைக் கண்டுபிடித்து அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பது கேட்க இனிமையாக இருக்கும். 2008இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தார்கள். அப்படிப் பொருத்திக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. அவர்கள் பார்த்தது கற்கும் பாணிகளை (பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்பது போல), நிறங்களை அல்ல. ஆனால் இரண்டு கடைகளிலும் சரக்கு ஒன்றுதான்.

அதற்காகக் குணத்துக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெல்ஜியத்தில் மருத்துவ மாணவர்களை முதல் ஆண்டிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. பொறுப்புணர்வு, கலகலப்பு போன்ற குணங்களுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஆண்டுகள் போகப் போகக் கூடியது. புத்தகப் படிப்பு குறைந்து நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நேரம் கூடும்போது ஆளின் குணமும் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. உங்கள் மாணவி எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவளாக இருப்பாள் என்பது என் ஊகம்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. கேள்வி கேட்டபிறகு எத்தனை வினாடி பொறுத்தீர்கள்? மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் பொறுத்தார்கள். மூன்று வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

நம் ஊரிலேயே டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் குழுவழிக் கற்றல் முறை இருக்கிறது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு சிறு தேர்வு எழுதுவார்கள். பிறகு அதே கேள்விகளைக் குழுவாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். வாயாடியாக இருந்தாலும் ஊமையாக இருந்தாலும், பேச்சு தொடங்கும் முன்பே பதில் தாளில் விழுந்துவிடும். யாருக்கும் நிறம் பூச வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பது இரண்டே பேர், ஒரு துண்டுக் காகிதம் போதும்.

டெக்கா கோப்பி:

22 வருஷமா வார்டு, பாதி ராத்திரி ஷிஃப்ட். நோயாளி மயங்கி விழுந்தா, "பாப்பா, நீ கூச்சப்படுற வகையா, மூணு வினாடி எடுத்துக்கோ"ன்னு நிக்க முடியுமா? வாய் திறக்காத தாதிகிட்ட உதவி வராது.

ஆனா அந்தப் பையனைப் பத்தி யாரும் பேசலையே. எனக்கு அவனைப் பார்த்தாதான் பயம். ஒப்பிக்கிறவனுக்கு நாம "குட்" போடுறோம், அவனும் அதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிறான். தங்கச்சி, ஒண்ணு கேக்கிறேன். 15 நிமிஷம் கழிச்சு அங்கிளுக்கு மறுபடி குத்திப் பார்த்தது யாரு?

மிஸ்ஸி யீஷூன்:

அண்ணே, நல்லா மாட்டி விட்டீங்க. அவதான் போய்ப் பார்த்தா. 4.9. நேரத்தோட சேர்த்து எழுதியும் வச்சிருந்தா. ஆனா என்கிட்ட வந்து சொல்லல, அரைமணி கழிச்சு நானா பார்த்துத்தான் தெரிஞ்சுது. பையன் அந்நேரம் 9ஆம் கட்டில்ல கதை பேசிக்கிட்டிருந்தான்.

விரிவுரையாளர் ஐயா, வினாடி எல்லாம் எண்ணல. ஒண்ணுகூட இருந்திருக்காது.

ஐசியூ ராத்திரி:

அக்கா, நான் அந்தப் பொண்ணு மாதிரிதான் இருந்தேன். இப்ப ஐசியூவுல 6 வருஷம். என் போஸ்டிங் மதிப்பீட்டுல ஒருத்தங்க "ஆர்வம் இல்லை"ன்னு எழுதினாங்க. ராத்திரி யீஷூன் போற ரயில்ல உக்காந்து மருந்துப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணின எனக்கு! அந்த வரி இன்னும் மறக்கல.

என்னைப் பேச வச்சது எஸ்பார் (SBAR), நோயாளியைப் பத்தி ரிப்போர்ட் சொல்ற ஒரு முறை. நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேணும், அந்த நாலு வரிதான். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்காரங்க பழக்கம்னு சொல்வாங்க, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. எனக்குப் பேசப் பயம் இல்ல அக்கா, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. அடுத்த பிரிசெப்டர், அதாவது வார்டுல எனக்குச் சொல்லிக்கொடுத்த தாதி, காலையிலேயே, "பத்து மணிக்கு 3ஆம் கட்டிலைப் பத்தி என்கிட்ட ரிப்போர்ட் குடு"ன்னு சொல்லிடுவாங்க. அதுவும் மருந்து அறையில, நாங்க ரெண்டு பேர் மட்டும். ரெண்டு வாரம் கழிச்சு கட்டில் பக்கத்துல. அதுக்கப்புறம்தான் டாக்டருக்குப் போன்.

டெக்கா அண்ணன் சொல்றதும் சரிதான், கோட் ப்ளூவுல (நோயாளிக்கு இதயம், மூச்சு நின்னுபோற அவசரத்துல) யாரும் காத்திருக்க மாட்டாங்க. ஆனா நான் இன்னிக்கு அங்க கத்துறேன்னா, அது மருந்து அறையில கத்துக்கிட்டது.

டெக்கா கோப்பி:

ஏத்துக்கிறேன். ஆனா 4.9ஐ வாயால சொல்லணும்னு அந்தப் பொண்ணுக்குக் கண்டிப்பாச் சொல்லுங்க. பாவம் பார்த்து விட்டுடாதீங்க.

மிஸ்ஸி யீஷூன்:

வியாழன் ராத்திரி எழுதுறேன், கால் வலி, எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கவும்.

மூணு நாளா பண்ணிப் பார்த்தேன். காலையில ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி, முதல்ல எழுதிக் காட்டணும், அப்புறம்தான் பேச்சு. பையன் எழுதினது ஒண்ணரை வரி. பேசும்போது தெரியாத ஓட்டையெல்லாம் தாள்ல தெரிஞ்சுது. அவனுக்கு இப்ப தனி வேலை: மறுபடி பார்க்க வேண்டியது எல்லாம் அவன் பொறுப்பு, எந்நேரம் பார்த்தான்னு எனக்குக் காட்டணும். முகம் சுருங்கிப் போச்சு, இருந்தாலும் செய்யறான்.

அவளைக் கூப்பிட்டு 4.9 விஷயத்தைக் கேட்டேன். "நீங்க பிஸியா இருந்தீங்க ஸ்டாஃப்"னா. நான் எவ்வளவு வேகமா நடக்கிறேன், எவ்வளவு சத்தமாப் பேசறேன்னு அப்பத்தான் உறைச்சுது. நான் எந்நேரம் எப்படி இருந்தாலும் நீ வந்து சொல்லணும், அது உன் வேலைன்னும் சொல்லிட்டேன். அண்ணன் சொன்னபடி, பாவம் பார்க்கல.

ரெண்டு நாள் மருந்து அறையில ரிப்போர்ட். இன்னிக்கு அவளே கட்டில் பக்கத்துல சொல்றேன்னா. கேட்டுட்டு நான் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணினேன், நாலு வந்ததும் பையன் வாய் திறக்கப் போனான், கையைக் காட்டி அடக்கினேன். ஆறுல ஆரம்பிச்சா. நாலு வரி, எல்லாம் சரி, குரல்தான் கொஞ்சம் நடுங்குச்சு.

6ஆம் கட்டில் அங்கிள் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்துட்டு, "அட, இந்த மிஸ்ஸி பேசுமா?"ன்னார்.