ஈகிள் ஸ்கவுட் ப்ராஜெக்ட்: 5 மாதம்தான் இருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் மகன் அமெரிக்க சாரணர் இயக்கத்தின் உச்ச ரேங்கான ஈகிளுக்கு முயல்கிறான். அதற்கு முந்தைய லைஃப் ரேங்க் வாங்கி ஒரு வருடம் ஆகிறது, ஈகிளுக்கு வேண்டிய 21 மெரிட் பேட்ஜில் (ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பேட்ஜ்) 20 முடித்துவிட்டான், 18 வயதாவதற்குள் மற்றதெல்லாம் முடிய வேண்டும். மிச்சமுள்ள பேட்ஜுக்கு 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும். 9 வாரம் பென்சிலால் நோட்டில் எழுதிவிட்டான், அதில் கவலை இல்லை. சிக்கல், ஈகிளுக்காகச் செய்ய வேண்டிய சமூக சேவை வேலையான சர்வீஸ் ப்ராஜெக்ட்தான். அவன் பெஞ்ச் செய்து தருவதற்கு ஒத்துக்கொண்டிருந்த இடம் திடீரென்று வேண்டாம் என்றுவிட்டது. அவன் அளந்து வரைந்த படம் மேசையிலேயே கிடக்கிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. இனி புது இடம் பிடித்து, ப்ரொபோசலுக்குக் கையெழுத்து வாங்கினால்தான் வேலையையே தொடங்கலாம், அப்புறம் ஆள் சேர்த்து அவனே முன்நின்று நடத்த வேண்டும். உங்கள் பிள்ளைகள் யாராவது இப்படிக் கடைசி மாதங்களில் முடித்திருக்கிறார்களா? எந்த மாதிரி இடங்களில் கேட்டீர்கள், ஒப்புதலுக்கு எத்தனை நாள் ஆனது? தயவுசெய்து சொல்லுங்கள்.