அப்பாவின் மறதிக்கு எம்ஆர்ஐ போதுமா, பெட் ஸ்கேனே எடுத்துவிடலாமா?

கோபி தோட்டத்துக்காரன்:
அப்பாவுக்கு 69 வயசுங்க. எந்த வருசம் மஞ்சள் குவிண்டால் என்ன விலை போனது என்று வாய்க்கணக்காகவே சொல்லுவார். நாலைந்து மாதமாக, காலையில் கறந்த மாட்டுக்கிட்டயே மறுபடி போசியை எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறார், மாடு உதைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. டாக்டர் எம்ஆர்ஐ எழுதியிருக்கிறார். கோயமுத்தூர் மச்சான், நேராகப் பெட் ஸ்கேனே எடுத்துவிடலாம், அல்சைமர் என்கிற மறதி நோய் என்றால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் என்கிறார். எதுங்க சரி?

ஸ்கேன் ரூம்காரன்:
பத்து வருசமாக எம்ஆர்ஐ மெஷினோடுதான் என் குடித்தனம். முதலில் அதைத்தான் எடுப்பார்கள். கன்னப்பொட்டுக்கு உள்பக்கம் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி, புது விசயத்தை மனசில் பதிய வைப்பது அதுதான். அல்சைமரில் அது சீக்கிரமே சுருங்க ஆரம்பிக்கும். ஆனால் வயசானாலே கொஞ்சம் சுருங்கும் என்பதால் படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள்.

பெட் ஸ்கேன் என்பது லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பது. அதில் ஒரு வகை, மூளையில் எந்த இடம் சர்க்கரையைக் குறைவாக எடுக்கிறது என்று காட்டும். இன்னொன்று, அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. மறதி தெரிவதற்கு 15, 20 வருசம் முன்பே அது படிய ஆரம்பித்துவிடும், அதனால் மச்சான் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், அமிலாய்டு இருந்தும் தெளிவாக நடமாடுகிற பெரியவர்கள் நிறையப் பேர். படிவே இல்லை என்று வந்தால்தான் அல்சைமராக இருக்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். மறதிக்காரர் எல்லாருக்கும் அதை எடுப்பது வீண் செலவு என்பது என் எண்ணம்.

பொள்ளாச்சி மருமகள்:
எங்க அத்தை வேகத்தடையில் வண்டியிலிருந்து விழுந்தாங்க, எழுந்து வந்து அவங்களே காப்பி போட்டுக் குடிச்சாங்க, நாங்களும் விட்டுட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பேரன் பெயரே வரவில்லை. ஸ்கேனில் பார்த்தால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தக்கட்டு! அதை எடுத்த பிறகு சீட்டுக் கணக்கில் எங்களையே ஏய்க்கிற அளவுக்குத் தெளிவு. பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்க, அதிலும் மறதி வரும்.

ஸ்கேன் ரூம்காரன்:
எம்ஆர்ஐ மெஷின் என்பது பெரிய காந்தம். அதனால் அப்பாவுக்கு இதயத் துடிப்புக்கு வைக்கிற பேஸ்மேக்கர் இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்க. கடுக்கன், அரைஞாண் எல்லாம் கழற்றணும். உள்ளே பவர்லூம் ஓடுகிற மாதிரி சத்தம் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

கோபி தோட்டத்துக்காரன்:
பேஸ்மேக்கர் இல்லைங்க. அக்கா எழுதியதைப் படித்ததும்தான் ஞாபகம் வருகிறது, பொங்கலுக்கு முந்தி கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் வீங்கியிருந்தது, டாக்டரிடம் அதை நாங்கள் சொல்லவே இல்லை. காலையில் முதல் வேலையாகப் போன் பண்ணுகிறேன். அரைஞாணை மட்டும் கழற்ற மாட்டேன் என்று இப்போதே சண்டை பிடிக்கிறார்.