திரும்பி வரும் நகை எந்த இடத்தில் விடுகிறது

வீட்டிலேயே மேசை போட்டுக் கையால் நகை செய்து விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. விற்ற நகை பழுதென்று திரும்பி வரும்போது எந்த இடத்தில் விட்டிருக்கிறது, ஏன் விட்டிருக்கிறது? வேலையில் கண்டதை அளவோடு எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிசைன் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விடும் இடத்தைச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

கம்பி வேலை செய்பவர்

கல் உடைந்து வருவது அபூர்வம். ஜம்ப் ரிங் என்று நாம் சொல்லும் சின்ன வளையம் வாய் திறந்து, தொங்கல் விழுந்து வருவதுதான் அதிகம்.

வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்து அகட்டித் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வாய் சேராது. இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை நம் பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் திருகித் திறக்க வேண்டும். மூடும்போது நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தினால் போதாது. கம்பி ஸ்பிரிங் போல ஒரு மயிரிழை பின்வாங்கும். அதனால் நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் கொண்டுபோய், உள்நோக்கி அழுத்தியபடியே திரும்பக் கொண்டுவாருங்கள். முனைகள் ஒன்றையொன்று உரசித் தாண்டுவது விரலுக்கே தெரியும். அந்த உரசல் தெரியாத வளையத்தை நம்பாதீர்கள். விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வாயில் வெளிச்சக் கீற்று தெரிந்தால், மெல்லிய சங்கிலி நழுவ அதுவே போதும்.

அடுத்தது கனம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்: 18 கேஜ் 1.02 மி.மீ., 20 கேஜ் 0.81, 22 கேஜ் 0.64, 24 கேஜ் 0.51. ஆனால் கனத்தை மட்டும் பார்த்து வளையத்தின் பலத்தைச் சொல்ல முடியாது. உள்விட்டத்தைக் கம்பிக் கனத்தால் வகுத்துப் பாருங்கள். 1 மி.மீ. கம்பியில் 4 மி.மீ. உள்விட்டம் என்றால் 4, கெட்டியாக நிற்கும். 0.8 மி.மீ. கம்பியில் 6 மி.மீ. என்றால் ஏழரை, கனமான தொங்கலை அதில் மாட்டினால் சீக்கிரம் வாய் பிளக்கும். எடை தாங்கும் இடத்தில் பெரிய வளையம் ஒன்றுக்குப் பதில் சின்ன வளையம் இரண்டாகப் போடலாம்.

வளையத்தை நீங்களே வெட்டினால் ஒரு விஷயம். பக்கவெட்டுக் குறட்டின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கூராகவும் வெட்டும். சுருளிலிருந்து ஒரு வளையம் வெட்டியதும் குறட்டைத் திருப்பிப் பிடித்து அந்தக் கூர்நுனியைச் சீவினால்தான் இரண்டு முனையும் தட்டையாகச் சேரும். நகை ரம்பத்தால் அறுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

காது கொக்கிக்கு 20 கேஜ், ஒன்றுக்கு 5 செ.மீ. போதும். வளைத்த பிறகு வளைவை நைலான் சுத்தியலால் தட்டுங்கள், உலோகம் இறுகும். தட்டாத கொக்கி நான்கு நாளில் நெளிந்துபோகும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், கம்பி தட்டையாகிக் காதுத் துளையை அறுக்கும். வெட்டிய நுனியை 400, பிறகு 600, பிறகு 1000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து உருட்டி, உதட்டில் வைத்துப் பாருங்கள். விரல் தோல் தடித்தது, சின்னப் பிசிறு அதற்குத் தெரியாது. உதட்டுக்குத் தெரியும்.

மணி கோப்பவர்

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: மணி மாலை பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, கொக்கி மாட்டும் முனையில்தான் அறுகிறது. காரணம் கிரிம்ப், அதாவது கம்பியைக் கொக்கியோடு பிடித்து நிறுத்த நசுக்கி மூடும் சின்ன உலோகக் குழல்.

நைலான் பூசிய எஃகு இழைக் கம்பியில் 7, 19, 49 இழை என்று வரும். இழை கூடினால் வளைவும் கூடும். கழுத்தில் துணிபோல விழ வேண்டிய மாலைக்கு 49 இழையே நல்லது. 0.38 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. கிரிம்ப் பொருந்தும். கம்பி கிரிம்ப்புக்குள் போய், கொக்கியின் வளையத்தைச் சுற்றி, மறுபடி கிரிம்ப்புக்குள் வரும். அழுத்துவதற்கு முன் உள்ளே இரண்டு கம்பியும் பக்கம் பக்கமாக இருக்கின்றனவா, குறுக்கே மாறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். குறுக்கே கிடந்தால் அழுத்தும்போது ஒன்றை ஒன்று நசுக்கி, ஒரு மாதத்தில் அறும். கிரிம்ப் குறட்டில் இரண்டு பள்ளம் இருக்கும். முதலில் கைப்பிடிப் பக்கத்துப் பள்ளத்தில் அழுத்தினால் நடுவில் மடிப்பு விழுந்து கம்பிகள் தனித்தனி அறையில் போய் உட்காரும். பிறகு 90 பாகை திருப்பி, நுனிப் பக்கத்து வட்டப் பள்ளத்தில் வைத்து மடிக்க வேண்டும். பல்லுள்ள சாதாரணக் குறட்டால் நசுக்கினால் கிரிம்ப்பே வெடித்துவிடும். மிச்ச வாலை ஒட்ட வெட்டாமல் 2.5 செ.மீ. விட்டு மணிகளுக்குள் செலுத்துங்கள்.

இறுக்கிக் கோப்பதும் தப்புதான். கடைசி மணிக்கும் கிரிம்ப்புக்கும் இடையே மொத்தம் 2 மி.மீ. தளர்வு இருக்கட்டும். தளர்வு இல்லாத மாலை குச்சிபோல விறைத்து நிற்கும், மணியின் துளை விளிம்பு கம்பியை அரம்போல அராவும். கண்ணாடி மணியிலும் கல் மணியிலும் இது நிச்சயம் நடக்கும்.

"கை அளவு சரியாகத்தான் கொடுத்தேன், போட முடியவில்லை" என்று திரும்பி வரும் கைச்சங்கிலி இன்னொரு வகை. இது வெறும் கணக்குப் பிழை. கம்பி மணியின் நடுவே ஓடுகிறது, மணிக்கட்டை உரசி ஓடவில்லை. எனவே மணிக்கட்டின் சுற்றளவோடு மணியின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். மணிக்கட்டு 16 செ.மீ. என்று வையுங்கள். 4 மி.மீ. மணிக்கு 17.3 செ.மீ., 8 மி.மீ. மணிக்கு 18.5, 10 மி.மீ. மணிக்கு 19.1. தளர்வாக வேண்டும் என்றால் இதற்கு மேல் ஒரு செ.மீ. எல்லாவற்றுக்கும் 18 என்று ஒரே அளவில் செய்தால் பெரிய மணிக் கைச்சங்கிலி பிடிக்கத்தான் செய்யும்.

எலாஸ்டிக் நரம்பைக் கோப்பதற்கு முன் நாலைந்து முறை நன்றாக இழுத்து விடுங்கள். இல்லையென்றால் அணிந்த பிறகு நீண்டு மணிகளுக்கிடையே நரம்பு தெரியும். முடிச்சுக்கு உடனே ஒட்டும் சூப்பர் பசை வேண்டாம். காய்ந்ததும் அது கண்ணாடிபோல விறைக்கும், நரம்பு அந்த விளிம்பிலேயே ஒடியும். காய்ந்த பிறகும் வளையும் நகைப் பசை ஒரு சொட்டு வைத்து, முடிச்சைப் பக்கத்து மணிக்குள் இழுத்து மறையுங்கள்.

வெள்ளியில் பொடி வைப்பவர்

எங்கள் வேலையில் விடும் இடம் ஒட்டு. இரண்டு துண்டை ஒட்ட இடையே உருக்கிவிடும் உலோகக் கலவையான பற்றாசையை எங்கள் தொழிலில் பொடி என்போம். பொடி ஓடவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொடியைத்தான் சுடுகிறார்கள். சுட வேண்டியது வெள்ளியை. பொடி சூடு இருக்கும் பக்கம் ஓடும். நெருப்பைப் பொடி மேலேயே காட்டினால் அது உருண்டு பந்தாகி நிற்கும், ஒட்டாது. முதலில் துண்டு முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். மேலே பூசிய வெங்காரம் (போராக்ஸ்) பொங்கி அடங்கிக் கண்ணாடிபோல ஆனதும் இணைப்புக்கு வாருங்கள். இரண்டு துண்டில் கனமானது எதுவோ அதற்கு நெருப்பு அதிகம் வேண்டும். பொடி உருகும் நொடியில் இணைப்புக் கோட்டில் பளிச்சென்று ஒரு வெள்ளி வரி ஓடும். அதைப் பார்த்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். 92.5 வெள்ளி 800 பாகை செல்சியஸ் சுமாரிலேயே இளகத் தொடங்கும், 890 சுமாரில் முழுதும் உருகிவிடும். அந்த வரியைப் பார்த்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தால் மோதிரமே சுருண்டுவிடும்.

இடைவெளியைப் பொடி நிரப்பாது. இரண்டு விளிம்பும் அரத்தால் சமமாகி, ஒட்டி, வெளிச்சம் தெரியாமல் நிற்க வேண்டும். கை பட்ட எண்ணெய் இருந்தாலும் ஓடாது. ஒரே நகையில் பல ஒட்டு என்றால் முதலில் அதிகச் சூட்டில் உருகும் கடினப் பொடி, அடுத்து நடுத்தரம், கடைசியில் குறைந்த சூட்டில் உருகும் இளம்பொடி. வரிசை மாறினால் இரண்டாவது ஒட்டு வைக்கும்போது முதல் ஒட்டு கழன்று விழும். பழைய கையிருப்புப் பொடியில் காட்மியம் கலந்ததும் உண்டு. அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. காட்மியம் இல்லாதது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

மோதிரம் அளவு தப்பி வருவதற்கும் கணக்குத்தான் காரணம். உள்விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மி.மீ., தகடு 1.5 மி.மீ. என்றால் 18.5 பெருக்கல் 3.14, அதாவது 58.1 மி.மீ. கனத்தைச் சேர்க்க மறந்தால் 53.4 தான் வரும். அந்த மோதிரம் விரல் கணுவைத் தாண்டாது.

ஊதிய பிறகு கருமை போக எலுமிச்சை அமிலத் தூள் போதும், ஒரு குவளை வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி. அதற்குள் இரும்பு இடுக்கியை விடாதீர்கள். கரைசலில் சேர்ந்திருக்கும் செம்பு வெள்ளி மேல் இளஞ்சிவப்பாகப் படியும். இடுக்கி செம்பு, பிளாஸ்டிக், மரம் எதுவானாலும் சரி. மூடிய உள்ளீடற்ற குண்டு செய்தால் 1 மி.மீ. துளை ஒன்று கட்டாயம் வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து துண்டு வெடிக்கும், வெடித்தால் முகத்துக்கு நேரேதான் வரும். முத்து, ஓப்பல், டர்க்காய்ஸ் இவற்றுக்கு நெருப்பே கூடாது. எல்லா ஒட்டும் முடிந்து மெருகும் போட்ட பிறகு பதியுங்கள்.

வீட்டில் ஊதுபவர்கள் நைலான் உடை உடுத்த வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடுத்தி, தலைமுடியை முடிந்து, ஜன்னலைத் திறந்து, மேசை மேல் தீச்செங்கல் வைத்துத்தான் நெருப்பைப் பற்ற வைக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முலாம், தோல் அரிப்பு பற்றி

நகை உடையாமலே திரும்பி வரும், காது புண்ணாகி. பித்தளை மேல் மெல்லிய தங்க முலாம் போட்ட பாகங்களில் பலவற்றில் நடுவே ஒரு நிக்கல் அடுக்கு இருக்கும். முலாம் தேய்ந்ததும் நிக்கல் தோலைத் தொடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி காதுத் துளைக்குள் போகும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு வெளியேறும் நிக்கல் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தோலில் நெடுநேரம் படும் மற்ற பாகங்களுக்கு 0.5. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதை வெள்ளி என்று எழுதி விற்பது பொய். தொங்கல் எதுவாக இருந்தாலும், துளைக்குள் போகும் கொக்கியை மட்டுமாவது டைட்டானியம், நையோபியம் போன்றவற்றில் போடுங்கள்.

விரலில் பச்சை படிவது ஒவ்வாமை இல்லை. வியர்வையில் செம்பு கரைந்து உண்டாகும் உப்பு அது, கழுவினால் போகும். வாங்குபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரெசின் செய்பவர்

ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின். அது இறுகாமல் ஒட்டும் பிசுக்கோடு நின்றால் முக்கால்வாசி காரணம் கலக்கும் அளவு. சில ரெசினை எடையில் அளக்க வேண்டும், சிலதைக் கொள்ளளவில். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்குச் செய்தால் இறுகாது. 10 கிராமுக்குக் குறைவாகக் கலந்தால் அரை கிராம் பிழைகூடக் கெடுத்துவிடும், ஆகவே 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். கலக்கும்போது கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். இறுகாத ரெசின் தோலில் படப்பட ஒவ்வாமை வரும், வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது. நைட்ரைல் கையுறை போடாமல் தொடாதீர்கள்.

விலை போடுவது பற்றி

கேள்விக்கு நேர் பதில் இல்லை என்றாலும், பழுதுச் செலவு விலைக்குள் இல்லாததால்தான் பலர் சீக்கிரமே கடையை மூடுகிறார்கள். உலோகத்தை எடையில் கணக்கிடுங்கள். ஒரு மீட்டர் 20 கேஜ் ஸ்டெர்லிங் (92.5) வெள்ளிக் கம்பி சுமார் 5.4 கிராம். ஒரு ஜோடிக் கொக்கிக்கு 10 செ.மீ. என்றால் அரை கிராமுக்குச் சற்று மேல். நேரத்தை ஒரு ஜோடிக்கு அளக்காமல், பத்து ஜோடியை ஒன்றாகச் செய்து கடிகாரம் பார்த்து வகுங்கள். படம் எடுப்பதும், பதில் எழுதுவதும், பொட்டலம் கட்டுவதும் வேலை நேரம்தான்.

விற்பனைக் கழிவு (கமிஷன்) விஷயத்தில் பெருக்கல் ஏமாற்றும். விற்கும் இடம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, உங்கள் கைக்கு 100 வர வேண்டும். 120 என்று விலை எழுதினால் கைக்கு வருவது 96 தான். 100-ஐ 0.8-ஆல் வகுத்து 125 என்று எழுத வேண்டும்.

மறுபடியும் மணி கோப்பவர்

பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். வெள்ளியை ரப்பர் பேண்டால் கட்டி அனுப்பாதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் பட்ட இடத்தில் கறுப்பு வரி விழும். காற்றை வெளியே தள்ளி மூடிய சின்ன ஜிப் பை போதும்.

அப்புறம், ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு அட்டை எழுதி வையுங்கள். கம்பி கேஜ், வளையத்தின் உள்விட்டம், கிரிம்ப் அளவு, மணி எண்ணிக்கை, மொத்த நீளம் எல்லாம் அதில் இருக்கட்டும். அட்டையின் மூலையில் அதே கம்பியில் இரண்டு செ.மீ. துண்டும் ஒரு வளையமும் ஒட்டி வைத்தால், எட்டு மாதம் கழித்து நகை திரும்பி வந்தாலும் அதே வளையத்தைப் போட்டுக் கொடுக்கலாம்.