உறையூர் வீடு குரூப்: டல்லாஸ் போறதுக்கு ஹெட்போன்

*சனிக்கிழமை*

திவ்யா அக்கா (டல்லாஸ்): அம்மா அப்பாவுக்கு சத்தம் குறைக்கிற ஹெட்போன் வாங்கணும். தோஹாலேருந்து இங்க வர மட்டுமே கிட்டத்தட்ட 16 மணி நேரம். போன தடவை இறங்கி ரெண்டு நாள் அம்மாவுக்கு தலை கிர்ருன்னே இருந்துச்சு. பரத், நீதான்டா பாத்துச் சொல்லணும்.

பெரியப்பா: எதுக்கும்மா வீண் செலவு. பஞ்சு வெச்சுக்கறோம்.

நான்: பெரியப்பா, என்ஜின் உறுமலுக்கெல்லாம் பஞ்சு பத்தாது. இதுல மைக் இருக்கும். வர்ற ஒலி அலை மேடா இருந்தா, இது அதே அளவுக்குப் பள்ளம் போடும். ரெண்டும் சேர்ந்து சமமாகி சத்தம் அடங்கிடும்.

அப்பா: போஸ் ஹெட்போன் கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸுக்கு 1978ல ஃப்ளைட்லதான் இந்த யோசனையே வந்துச்சு. சூரிச்லேருந்து பாஸ்டன் போறார், ஏர்லைன்ல குடுத்த ஹெட்போன்ல பாட்டு சரியா கேக்கல. அங்கேயே உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சுட்டார். அவர் அப்பா வெள்ளைக்காரன் கெடுபிடிக்குத் தப்பி கல்கத்தாலேருந்து அமெரிக்கா போனவர்.

பெரியப்பா: அட, நம்ம ஊர் ரத்தம்! அப்ப போஸே வாங்கிடு.

நான்: விலையைச் சொன்னா மறுபடி பஞ்சுக்கே வந்துடுவீங்க 😄

பெரியம்மா: பரத் கண்ணா, குழந்தைங்க அழற சத்தம் கேக்காதுல்ல?

நான்: கேக்கும் பெரியம்மா. ஒரே மாதிரி ஓடிட்டே இருக்கற சத்தத்தைத்தான் இது நல்லா அமுக்கும். திடீர்னு வீல்னு கத்தினா கொஞ்சம் மட்டும்தான் குறையும். ஏறும்போது இறங்கும்போது காது அடைக்கிறது காத்தழுத்தம், அதுக்கும் இது ஒண்ணும் பண்ணாது.

பெரியம்மா: அதுக்கு என்கிட்ட உப்பு நார்த்தங்காய் இருக்கு.

திவ்யா அக்கா (டல்லாஸ்): மாடலைச் சொல்லுடா.

நான்: பெரியப்பா சீட் டிவியில படம் பாப்பார். நிறைய விமானத்துல அதுக்கு ஒயர்தான், ப்ளூடூத் சேராது. அதனால ஒயர் சொருகற ஓட்டை கண்டிப்பா வேணும். சோனி சிஎச்720என் போதும்னு நினைக்கிறேன். 192 கிராம்தான், சத்தக் குறைப்பு போட்டாலும் 35 மணி நேரம் வரும்னு கம்பெனி சொல்றான். சோனியோட பெரிய மாடல் எக்ஸ்எம்5 இன்னும் நல்லா அமுக்கும், ஆனா விலை ரொம்பத் தூரம்.

அப்பா: அண்ணன் கண்ணாடி போடறவர்டா.

நான்: அதான் சிக்கல். கண்ணாடிக் காம்பு இடிக்கற இடத்துல சந்து விழுந்து சத்தம் உள்ள வந்துடும். அதனால போட்டுப் பாக்காம வாங்க வேணாம். ஏசி கடையில போட்டா ஒண்ணும் புரியாது. என்னுது அதே மாடல்தான், எடுத்துட்டுப் போங்க.

*திங்கட்கிழமை*

பெரியப்பா: இன்னிக்கு தஞ்சாவூர் பஸ்ல போட்டுப் பாத்தேன். என்ஜின் சத்தம் போயிடுச்சு. பஸ் நின்னுடுச்சுன்னு நினைச்சு எந்திரிச்சுட்டேன். கண்டக்டர் முறைச்சான்.

திவ்யா அக்கா (டல்லாஸ்): 😂😂 காம்பு உறுத்துச்சாப்பா?

பெரியப்பா: ஒரு மணி நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் லேசா. கழட்டி கழட்டிப் போட்டுக்கறேன்.

பெரியம்மா: எனக்கு அது ஒத்துவராது. தோட்டுத் திருகு காதுக்குப் பின்னாடி குத்துது. மாட்டல் வேற சிக்குது.

திவ்யா அக்கா (டல்லாஸ்): ஒரு நாளைக்குக் கழட்டி வெச்சாதான் என்னம்மா?

பெரியம்மா: பேரப்பிள்ளை பிறக்கற வீட்டுக்கு மூளிக் காதோட வரச் சொல்றியா?

நான்: வேணாம் பெரியம்மா. உங்களுக்கு காதுக்குள்ள வைக்கிற பட்ஸ் பாக்கலாம். ரப்பர் முனை மூணு அளவுல வரும், இறுக்கமா உக்கார்றதா பாத்துப் போட்டாதான் பலன். ஒரே மூச்சுல 16 மணி நேரம் தாங்காது, சாப்பிடும்போது டப்பால போட்டா சார்ஜ் ஏறிடும். டப்பாவை கைப்பையில வைங்க. பேட்டரி இருக்கு, பெட்டியில போட்டு லக்கேஜ்ல அனுப்பிடாதீங்க.

*செவ்வாய்க்கிழமை*

பெரியம்மா: பரத் குடுத்த பட்ஸை மாவு அரைக்கும்போது போட்டேன். கிரைண்டர் சத்தம் சுத்தமா அடங்கிடுச்சு. உங்க பெரியப்பா பேசறது மட்டும் நல்லா கேக்குது. இதைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒண்ணு கிடைக்குமா?

பெரியப்பா: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்.

நான்: ரெண்டையும் ஆர்டர் போடறேன். பட்ஸ் வெள்ளையா, கறுப்பா பெரியம்மா?

பெரியம்மா: கறுப்பு. எண்ணெய்க் கை பட்டாலும் தெரியாது.