கவைக்கம்பு இல்லாமல் கருவைக்குள் இறங்கிய கதை

கமுதிக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல். அப்பா இருந்தவரை மிளகாயும் மல்லியும் போட்டார். அவர் போன பிறகு ஆறு வருஷம் யாரும் கால் வைக்கவில்லை, மொத்தமும் வேலிக்கருவை, அதுதான் சீமைக்கருவேல முள். போன பங்குனியில் லீவு போட்டு வந்து ஜேசிபி வைத்துத் தள்ளினேன். கிணற்றோரம் மட்டும் வண்டியை விட்டால் சுவர் சரிந்துவிடும் என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். பத்து சென்ட்தானே என்று வெட்டரிவாளோடு நானே இறங்கினேன்.

ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் வெட்டுவது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கருவையிடம் அது நடக்காது. கணுவுக்குக் கணு ஜோடி ஜோடியாக முள். வெட்டிய கிளை கீழே விழாமல் பக்கத்துக் கிளையில் தொங்கும். இழுத்தால் நேராக முகத்துக்கு வரும். அரை மணி நேரத்தில் சட்டைக் கை கிழிந்தது. பைக் ஓட்ட வாங்கிய துணிக் கையுறை போட்டிருந்தேன், அதையும் தாண்டி நடுவிரல் கணுவில் ஒரு முள் ஏறி நுனி உள்ளேயே ஒடிந்தது. காலில் ரப்பர் செருப்பு வேறு. முள் அதில் ஊசி மாதிரி இறங்கும். நடக்கும்போது செருப்பும் பாதமும் ஒன்றாகத் தைத்துக்கொண்டு வந்தன.

ஆடு மேய்க்க வந்த பெரியப்பா முறை ஒருவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏப்பா, கவைக்கம்பு எங்க?" என்றார். அப்படி ஒன்று வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. வேப்பங்கிளை ஒன்றை நெஞ்சு உயரத்துக்கு ஒடித்து, நுனியில் இரண்டாகப் பிரியும் கவை மட்டும் விட்டுச் செதுக்கிக்கொண்டு இறங்கினார். இடது கையில் கம்பு. அதன் கவையால் புதரைத் தூக்கி அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தூரில் ஒரே போடு. வெட்டியதைக் கவையாலேயே புரட்டி ஓரத்தில் ஏற்றினார். அடிப்பக்கமெல்லாம் ஒரே திசை பார்க்க அடுக்கி, கம்பால் அமுக்கி, கயிறு போட்டு மொத்தமாக இழுத்தார். கடைசிவரை ஒரு முள்ளைக்கூட அவர் கை தொடவில்லை. காலில் டயர் செருப்பு.

நான் வெட்டிப் போட்டிருந்த தூர்களைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம் வந்தது. முழங்கால் உயரத்தில், சாய்வாக, ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நின்றன. முதலில் மண்வெட்டியால் அடிமண்ணை விலக்கு, மண்ணுக்குக் கீழே வெட்டு, முடிந்தால் கடப்பாரை போட்டுத் தூரையே கிளப்பு என்றார். மேலே மட்டும் வெட்டினால் தூரில் இருக்கும் மொட்டுகள் முளைத்து ஒன்று பத்தாகிவிடும். அவருடைய ஆடுகள் நெற்றைத் தின்று போடும் புழுக்கையில்தான் இந்த விதையே ஊரெல்லாம் பரவுகிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

விரலுக்கு எருக்கம்பால் வைத்துப் பார்த்தோம். வீக்கம்தான் மிச்சம். பன்னிரண்டாம் நாள் டாக்டர் கீறி எடுத்த நுனி ஒரு சீரகம் அளவுகூட இல்லை. விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

* * *

அண்ணே, நான் அருப்புக்கோட்டை. கவைக்கம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, வெட்டுவதற்கு முன்னால் புதரைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் நிற்பது. போன வருஷம் நான் தட்டாமல் குனிந்தேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். சுருட்டை விரியன், செதிலோடு செதில் உரசிக்கொண்டு சருகுக்குள் சுருண்டு கிடக்கிறது. என் கைக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்திருக்கும். அரிவாளைப் போட்டுவிட்டு நான் ஓடிய பாதையில்தான் அத்தனை முள்ளும் ஏறியது.

* * *

அண்ணா, நான் இங்கிலாந்தில், லெஸ்டர் பக்கம் இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். இங்கே குத்தகைக்கு எடுத்த தோட்டத் துண்டு முழுக்க பிளாக்பெர்ரி முட்பற்றை. பக்கத்துத் துண்டு வெள்ளைக்காரத் தாத்தா தன்னுடைய சைத்தை (scythe, நின்றபடி வீசி அறுக்கும் பெரிய அரிவாள்) தந்தார். ஆள் உயரக் காம்பில் இரண்டு கைபிடி, அடியில் நீளமான வளைந்த அலகு. கொக்கத்தடி (நுனியில் கொக்கி கட்டிய நீளத்தடி) பிடித்த கைதானே என்று நானும் ஓங்கி வீசினேன். பற்றைக்குள் கிடந்த பழைய கம்பியில் பட்டு அலகின் வாய் பிறை போல உடைந்தது. அது புல் அறுக்கும் மெல்லிய அலகாம். முள்ளுக்குக் கட்டையான, தடித்த அலகு வேறு இருக்கிறது.

ஓங்கக்கூடாது. அலகை நிலத்தோடு படிய வைத்து வலமிருந்து இடம் வழித்துக்கொண்டு போக வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருக்கால் நிறுத்தி, இடுப்பில் கட்டிய நனைந்த கல்லால் தீட்ட வேண்டும். இந்த முள்ளின் கொடி வளைந்து நுனி மண்ணைத் தொட்ட இடத்திலும் வேர் விடும், வில்லு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் மற்றப் பக்கம் காலில் கொளுவி விழுத்தும், நான் இரண்டு முறை விழுந்தேன். எல்லாம் பெப்ரவரிக்குள் முடித்துவிட்டேன். மார்ச் பிறந்தால் குருவிகள் கூடு வைக்கத் தொடங்கும், குருவி இருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைத்தால் இங்கே குற்றம்.

* * *

தம்பி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டு, விறகைக் கரியாக்கி விற்கிறவன் நான். ஆறு வருஷக் கருவை என்றால் நல்ல கனம் வந்திருக்குமே. சொல்லியிருந்தால் நாங்களே ஆள் வைத்து வெட்டி உங்களுக்கும் காசு கொடுத்திருப்போம். ஜேசிபி தள்ளியதையெல்லாம் என்ன செய்தீர்கள்?

* * *

எரித்துவிட்டேன் அண்ணே. மூன்று நாள் எரிந்தது. கிணற்றோரம் தொடை கனத்தில் நாலு தூர் இன்னும் நிற்கிறது, வருகிறீர்களா?