விளையாட்டு மாட்களுக்கு விலை வைப்பது முறையா?

கார்முகில் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டுக்காக நான் 2 ஆண்டுகளாகச் செய்துவரும் மாட் (விளையாட்டோடு ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் படைப்பு) ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஒரு சுரங்கக் கிராமம், அதில் 23 மனிதர்கள், ஒரு நீண்ட கதைப்பணி, 6 சிறு பணிகள் என்று தொடங்கிய வேலை, அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்த இரவு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கிராமத்துக் கிழவி ஒருத்தி காலையில் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வர வேண்டும். அவளோ ஒவ்வொரு முறையும் கிணற்றுச் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவாள். பாத்திரங்கள் எங்கே நடக்கலாம் என்று காட்டும் நேவ்மெஷ் முக்கோணங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தி அவளை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்கே 3 வார இறுதிகள் ஆயின.

சோதனைப் பதிப்பை விளையாடிப் பார்த்தவர்களில் சிலர், இதை இலவசமாகக் கொடுக்காமல் பேட்ரியான் என்னும் ஆதரவாளர் தளத்தில் சந்தா கட்டுவோருக்கு மட்டும் தரச் சொல்கிறார்கள். வேறு சிலர், மாட் என்பது காசுக்கு விற்கும் பொருளே அல்ல என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். எனக்குப் பணம் வேண்டாம் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. மாட்களைப் பகிரும் நெக்சஸ் தளத்தில் இலவசமாகக் கிடைத்த வீட்டு மெஷ்களையும் (முப்பரிமாண வடிவங்கள்), வேறொருவர் செய்த சுத்தியல் அடிக்கும் அசைவுகளையும் இதில் பயன்படுத்தியிருக்கிறேன். இருவர் பெயரையும் நன்றிப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். 2015-ல் இது பற்றிப் பெரிய எதிர்ப்பு எழுந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், அப்போது நான் பள்ளி மாணவன். விலை வைப்பது முறையா, முறை என்றால் எந்த அளவுக்கு என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நிலவறை:

வணக்கம் கார்முகில். 2015-ல் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனமும், ஸ்கைரிமை வெளியிட்ட பெதெஸ்டாவும் சேர்ந்து, ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்கும் வசதியைத் திறந்தன. 27-ஆம் தேதியே அதை மூடிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தன. விற்கும் விலையில் 25 விழுக்காடு மாட் செய்த மாடருக்கும், 30 விழுக்காடு வால்வுக்கும், 45 விழுக்காடு பெதெஸ்டாவுக்கும் போகும் என்பது ஏற்பாடு. அதை நீக்கக் கோரிய இணைய மனு ஒன்றில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள்.

பலரும் அந்த 25 விழுக்காட்டைத்தான் இன்றுவரை குறை சொல்கிறார்கள். எனக்கு அது முதன்மையான காரணமாகப் படவில்லை, ஏனென்றால் டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் ரசிகர்கள் வடிவமைத்த தொப்பிகளும் ஆயுதங்களும் 2010 முதலே இதே 25 விழுக்காட்டுப் பங்கில் விற்பனையாகி வந்தன. அது போன்ற விற்பனைகளின் வழியே 1,500-க்கும் மேற்பட்ட படைப்பாளிகளுக்கு 5 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருப்பதாக 2015 தொடக்கத்தில் வால்வ் அறிவித்தபோது, அதை எதிர்த்து யாரும் மனு எழுதவில்லை.

தொப்பி தனித்து நிற்கும் பொருள் என்பதுதான் இதற்குக் காரணம். ஒருவர் செய்த தொப்பியைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால் இன்னொருவருடைய தொப்பி கெட்டுப்போகாது. ஸ்கைரிம் மாட்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஸ்கை-யூஐ என்னும் இடைமுக மாட் தரும் அமைப்புப் பட்டியலை நம்பி எத்தனையோ மாட்கள் இயங்குகின்றன. அதன் 5-ஆம் பதிப்பு விலைக்கு வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அதில் துளியும் பங்கு கேட்காமல் தங்கள் மாட்களை அதனோடு இணைத்து வைத்திருந்த மாடர்கள் எல்லாம் திகைத்துப்போனார்கள். விற்பனைக்கு வந்த மீன்பிடி மாட் ஒன்று, வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவுக் கருவியைச் சார்ந்திருந்தது. அந்தக் கருவியைச் செய்தவரின் சம்மதம் இல்லை என்று தெரிந்ததும், விற்பனை தொடங்கிய வேகத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்கும் அதைச் செய்தவர் எல்லோராலும் மதிக்கப்பட்ட மாடர், யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவர் அல்லர். ஆனாலும் அந்த நாட்களில் அவர்மீது விழுந்த வசவுகளை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மாடர்கள் தங்கள் கோப்புகளைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கியது, யாரும் அதில் காசு பார்ப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான். அந்த 4 நாட்களில், தங்கள் கோப்புகளை வேறு யாராவது எடுத்து விற்றுவிடுவார்களோ என்று அஞ்சி, இலவச மாட்களைத் தளங்களிலிருந்து நீக்கியவர்களையும் பார்த்தேன். ஆகவே உங்கள் உழைப்புக்கு விலை உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். நான் கேட்பதெல்லாம் அந்த வீட்டு மெஷ்களைப் பற்றியும் சுத்தியல் அசைவுகளைப் பற்றியும்தான். அவற்றைச் செய்தவர்கள் எந்த நிபந்தனையின் பேரில் கொடுத்தார்கள்? நன்றிப் பட்டியலில் பெயர் போடுவதும் விற்பதற்கு அனுமதி வாங்குவதும் ஒன்றல்ல.

பனிக்கரடி:

நிலவறை சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மாடர் காசு கேட்டாலே துரோகம் என்பது போன்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் 1999-ல் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மாட் ஆகத்தான் பிறந்தது. மறு ஆண்டே வால்வ் அதை வாங்கி, செய்தவர்களையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. அதே ஹாஃப்-லைஃப்பை ரசிகர்கள் புதிதாகக் கட்டிய பிளாக் மேசா, வால்வின் அனுமதியோடு 2015 முதல் விலைக்கு விற்கப்பட்டது. ஸ்கைரிம் மாட் ஆக 2015-ல் வந்த தி ஃபர்காட்டன் சிட்டி, 2021-ல் தனி விளையாட்டாகவே வெளிவந்தது. 2 ஆண்டு இரவுகளைக் கொடுத்தவர் கூலி கேட்பதை நாம் கேவலமாகப் பேசினால், அடுத்த முறை அவர் செய்யாமலே விட்டுவிடுவார், இழப்பு நமக்குத்தான்.

தாழம்பூ:

சட்டம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1998-ல் மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனத்துக்கும் ஃபார்ம்ஜென் என்ற நிறுவனத்துக்கும் இடையே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. டியூக் நியூகெம் 3டி விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்து இணையத்தில் ஏற்றியிருந்த 300 களங்களை (விளையாடும் நிலைகளை) ஒன்றாகத் திரட்டி, மைக்ரோ ஸ்டார் குறுந்தகட்டில் போட்டு விற்றது. களக் கோப்புகளில் மூல விளையாட்டின் ஓவியம் எதுவும் இல்லை, எந்த ஓவியம் எங்கே வர வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன என்று அந்நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் களங்கள் டியூக் நியூகெம் கதையின் தொடர்ச்சியைச் சொல்வதால், தொடர்ச்சியை உருவாக்கும் உரிமை மூல விளையாட்டின் உரிமையாளருக்கே உண்டு என்று கூறியது. களங்களைச் செய்யும் கருவியோடு வந்த உரிமத்திலும், செய்தவற்றை இலவசமாக மட்டுமே பகிரலாம் என்ற நிபந்தனை இருந்தது. ஸ்கைரிம் மாட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட்டின் உரிமமும் பெதெஸ்டாவின் அனுமதி இல்லாமல் விற்க இடம் தருவதில்லை. 2022-ல் டேக்-டூ நிறுவனம், தன்னுடைய விளையாட்டுகளுக்கான மெய்நிகர் காட்சி மாட்களைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் தந்துவந்த ஒருவரைப் பேட்ரியானிலிருந்து அவற்றை எடுக்க வைத்தது. நண்பர்கள் பேட்ரியானைப் பரிந்துரைப்பது எளிது, கடிதம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நான் சிம்ஸ் 4 என்னும் விளையாட்டுக்குப் புடவைகளும் நகைகளும் செய்பவள். 2022-ல் அதை வெளியிடும் இ-ஏ நிறுவனம் எங்களுக்குச் சொன்ன வழி எனக்கு நியாயமாகவே படுகிறது: ஆதரவாளர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துக்கொள்ளலாம், நியாயமான ஒரு கால அளவுக்குப் பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். நான் 3 வாரம் வைத்திருந்துவிட்டுத் திறந்துவிடுகிறேன். ஆதரவாளர்கள் விலகிப் போகவில்லை. புடவைக்காக அல்லாமல், அடுத்த புடவையும் வர வேண்டும் என்பதற்காகத் தருகிறோம் என்றே பலர் எழுதுகிறார்கள். பெதெஸ்டாவுக்கு இந்த விதி பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே முறையாக விற்க விரும்பினால், 2023 டிசம்பரில் ஸ்கைரிமுக்கு வந்த கிரியேஷன்ஸ் என்னும் விற்பனை ஏற்பாட்டில் சரிபார்க்கப்பட்ட படைப்பாளியாக விண்ணப்பிக்கலாம். அதற்குப் படைப்பு முழுவதும் உங்களுடையதாகவும், பிற மாட்களைச் சாராததாகவும் இருக்க வேண்டும்.

பழைய இயந்திரம்:

விலை வைத்த பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2021 நவம்பர் 11 அன்று ஸ்கைரிமின் ஆனிவர்சரி பதிப்பு வந்தபோது, இயங்கு கோப்பே புதிய கம்பைலரில் கட்டப்பட்டிருந்ததால், ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்னும் கூடுதல் கருவியை நம்பிய நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. எனது சிறிய மாட் ஒன்றும் அதில் அடக்கம். அப்போது என் வீட்டில் உடல்நலக் குறைவு. 5 வாரம் கணினிப் பக்கமே போகவில்லை. இலவசமாகக் கொடுத்திருந்ததால், "முடியும்போது பாருங்கள் அண்ணா" என்று எழுதினார்கள். ஒருவர் தாமே அதைத் திருத்தி அனுப்பிவைத்தார். அவர்களிடம் காசு வாங்கியிருந்தால் அந்த 5 வாரம் நான் கடன்பட்டவனாக இருந்திருப்பேன், அவர்கள் கேட்பதும் நியாயமாகவே இருந்திருக்கும்.

2023-ல் பெதெஸ்டாவின் ஸ்டார்ஃபீல்ட் விளையாட்டு வெளிவந்தபோது, காட்சிகளை வேகமாக ஓட்ட உதவும் டிஎல்எஸ்எஸ் வசதி இல்லாமல் வந்தது. அதைச் சேர்க்கும் மாட் ஒன்று பேட்ரியானில், பூட்டுப் போட்ட கோப்பாக விற்கப்பட்டது. பூட்டை உடைத்தார்கள், அதே வேலையை இலவசமாகச் செய்யும் மாட் இன்னொன்றும் வந்தது, நவம்பரில் விளையாட்டிலேயே அந்த வசதி வந்துவிட்டது. பூட்டுப் போடுவது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாட் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் நாம் எல்லோருமே அடுத்தவருடைய கோப்பைத் திறந்து பார்த்துத்தான் கற்றோம்.

கார்முகில்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிலவறை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால், நேற்றிரவு அந்த இரண்டு மாட்களின் அனுமதிப் பகுதியையும் முதல் முறையாக முழுமையாகப் படித்தேன். இரண்டிலுமே "விற்பனைக்கான மாட்களில் பயன்படுத்தக் கூடாது" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 2 ஆண்டுகளாக அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு அதைப் படிக்காமலே இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

வீட்டு மெஷ்களைச் செய்தவருக்கு எழுதினேன். இலவசமாக வெளியிட்டால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நன்கொடைப் பொத்தான் வைத்துக்கொள்வதிலும் தடை இல்லை என்று பதில் வந்தது. சுத்தியல் அசைவுகளைச் செய்தவர் 2019-க்குப் பிறகு தளத்துக்கே வரவில்லை. இலவச மாட் என்பதால் அவர் நிபந்தனையை மீறுவதாகாது என்றாலும், பின்னாளில் கிரியேஷன்ஸ் பக்கம் போக நினைத்தால் அது தடையாக நிற்கும். ஆகவே கிராமத்தை அடுத்த மாதம் நெக்சஸில் இலவசமாக ஏற்றிவிட்டு, அசைவுகளை நானே புதிதாகச் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன். தாழம்பூ, பிளெண்டர் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் துணி மடிப்புகளுக்கு எலும்பு அமைப்பது பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறதா?