ரிலே "டக்"னு அடிக்குது, ஆனா ரேடியேட்டர் ஃபேன் ஓடல. ரிலேவா, மோட்டாரா?

வேலூர் பையன்:
அண்ணன்மாரே ஒரு உதவி. 12 வருஷ பெட்ரோல் கார், ஹைவேல ஓட்டினா ஒண்ணும் இல்ல, டிராஃபிக்ல நின்னா பத்து நிமிஷத்துல டெம்பரேச்சர் முள்ளு ஏறிடுது, பானட்டைத் தூக்கிப் பார்த்தா ஃபேன் சும்மா நிக்குது. ஏசி போட்டாலும் சுத்தல. ஃபியூஸ் நல்லாருக்கு. ஏசி போடறப்போ ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்) "டக்"னு அடிக்கறது கை வெச்சா தெரியுது. மெக்கானிக் ஃபேன் கனெக்டரைக் கழட்டி மீட்டர் வெச்சாரு, 12 வோல்ட் வருது, அப்போ ரிலே ஓகே, மோட்டார் தான் போச்சு மாத்தணும்ங்கறாரு. அப்பாவை வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வண்டி, நடுரோட்ல நின்னுடுமோன்னு பயமா இருக்கு. மாத்தறதுக்கு முன்னாடி நானே ஏதாவது செக் பண்ண முடியுமா?

பழைய ஒயர்மேன்:
தம்பி பொறுங்க, இப்போதைக்கு மோட்டார் வாங்காதீங்க. "டக்" சத்தம் வந்தா ரிலேல 85, 86னு நம்பர் போட்ட பின்னுக்கு நடுவுல இருக்கற காயில் (கரண்ட் போனா காந்தமாகற கம்பிச் சுருள்) இழுக்குதுன்னு மட்டும் தான் அர்த்தம். ஃபேனுக்குப் போற கரண்ட் 30-லருந்து 87-க்கு உள்ள இருக்கற கான்டாக்ட் (ஒட்டிப் பிரியற உலோக முனைகள்) வழியா போகுது, அது கரிஞ்சு போயிருந்தாலும் சத்தம் வரும். கனெக்டரைக் கழட்டிட்டு மீட்டர் வெச்சா 12 வோல்ட் காட்டத்தான் செய்யும், மீட்டர் கரண்டே இழுக்காதே. கனெக்டரை மாட்டி, ஏசி போட்டு, பின்னாடி ஒயர் நுழையற பக்கமா ஊசி முனை விட்டு அளந்து பாருங்க. ஃபேன் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுலயும் பாருங்க, அங்க வோல்ட் காட்டுனா எர்த் தப்பு. கை பத்திரம், சில வண்டில சாவி எடுத்த பிறகும் ஃபேன் திடீர்னு ஓடும்.

வேலூர் பையன்:
பார்த்துட்டேன் அண்ணா. மாட்டினா வெறும் 3 வோல்ட்! எர்த் பக்கம் கிட்டத்தட்ட சைபர். ரிலேவைக் கழட்டி காயில் அளந்தேன், 80 ஓம்ஸ். காயிலுக்கு பேட்டரி குடுத்து 30-க்கும் 87-க்கும் நடுவுல மீட்டரை பீப் மோடுல (கனெக்‌ஷன் இருந்தா சத்தம் போடும்) வெச்சா பீப் அடிக்குதே, அப்போ கான்டாக்ட் நல்லாருக்குன்னு தானே அர்த்தம்?

பழைய ஒயர்மேன்:
காயில் நல்லாருக்கு, 12 வோல்ட் ரிலேக்கு 50லருந்து 120 வரைக்கும் சாதாரணம். பீப்பை மட்டும் நம்பாதீங்க. நிறைய மீட்டர் 30 ஓம்ஸ் இருந்தாலே பீப் அடிச்சிடும், ஃபேனுக்கோ அரை ஓம் குறுக்க வந்தாலே போதும், படுத்துடும். 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணை அந்த கான்டாக்ட் வழியா எரிய விடுங்க, மங்கலா எரிஞ்சா கதை முடிஞ்சது. இல்லன்னா லோடோட (ஃபேன் மாட்டி ஆன்ல இருக்கறப்போ) 30-க்கும் 87-க்கும் குறுக்க வோல்ட் பாருங்க, நல்ல ரிலேல 0.2-க்குள்ள இருக்கணும்.

மதுரை டிரைவர்:
ஹார்ன் ரிலேவும் அதே பின், அதே ஆம்பியர்னா மாத்திப் போட்டுப் பாருங்க ப்ரோ, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ரிலே மேல போட்டிருக்கற பின் படத்தைப் பார்த்துட்டுப் போடுங்க, சில ரிலேல 30-உம் 86-உம் இடம் மாறி இருக்கும், சிலதுல காயிலுக்கு குறுக்க டையோடு (கரண்டை ஒரே பக்கமா விடற பார்ட்) இருக்கும், அதுல பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா டையோடு போயிடும். 1, 2, 3, 5னு நம்பர் போட்டிருந்தா 1-2 காயில், 3-5 கான்டாக்ட்.

வேலூர் பையன்:
பல்பு விளக்குத்திரி மாதிரி எரிஞ்சுது. ஹார்ன் ரிலே மாத்திப் போட்டேன், ஃபேன் ஓடுது!!! ரொம்ப ரொம்ப நன்றி, மோட்டாருக்கு அட்வான்ஸ் குடுக்கறதா இருந்தேன். பழைய ரிலேவைப் பிரிச்சு உப்புத்தாள் போட்டா ஓடுமா?

பழைய ஒயர்மேன்:
வேணாம் தம்பி. கான்டாக்ட் மேல இருக்கற வெள்ளிப் பூச்சு தேஞ்சு போயிருக்கும், தேய்ச்சா இன்னும் சீக்கிரம் கரியும், சில சமயம் ஒட்டிக்கிட்டு ஃபேன் நிக்காம ஓடி பேட்டரியைக் காலி பண்ணிடும். புதுசு வாங்குங்க, அதே ஆம்பியர். ஆனா ஏன் கரிஞ்சுதுன்னும் பார்க்கணும். சாக்கெட்ல 87 போற பின் பழுப்பாகி லூசா இருக்கா? இன்ஜின் ஆறின பிறகு, பேட்டரி ஒயர் கழட்டிட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா மோட்டார் அதிக கரண்ட் இழுக்குது.

வேலூர் பையன்:
ஃபேன் ஈஸியா சுத்துது. சாக்கெட்ல அந்த ஒரு பின் தான் பழுப்பா இருக்கு, பிளாஸ்டிக்கும் லேசா உருகியிருக்கு. நாளைக்கு எலக்ட்ரீஷியன்கிட்ட புது டெர்மினல் கிரிம்ப் பண்ணி, புது ரிலேவும் போட்டுட்டு சொல்றேன்.